கண் பார்க்கும் புதன்கிழமை

அந்த வரிசையில் நான் ஒருவன்தான் ஆண். அரசு ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு வெளியே, சுவரோரம் போட்டிருந்த இரும்பு பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் துணிச்சுருள் போல ஒரு குழந்தை. கடைசி பெஞ்சின் ஓரத்தில் நான், என் மகளைச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு. முதல் நாள் ஒரு அம்மா என்னிடம், “தம்பி, ஆம்பளைங்க வார்டு கீழ” என்று வழி காட்டினாள். சட்டைப் பித்தான் ஒன்றைக் கழற்றி உள்ளே இருந்த தலையைக் காட்டிய பிறகுதான் நகர்ந்து இடம் விட்டாள்.

எனக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. கட்டிங் செக்‌ஷன். என் மனைவிக்கு அதே கம்பெனியில் தையல். அவளுக்கு ஏழாவது மாதத்தில் ரத்தக்கொதிப்பு ஏறியது. மெஷினிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது என்றாள். ஆம்பூரில் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். அன்று மாலையே ஆபரேஷன். பெண் குழந்தை, ஒரு கிலோ நூற்றெண்பது கிராம். நர்ஸ் தூக்கிக் காட்டியபோது என் உள்ளங்கையும் விரலும் சேர்ந்த நீளம்தான் இருந்தாள். தோல் மெல்லிசாக, உள்ளே ஓடும் நரம்பு தெரியும்படி இருந்தது.

மனைவி நான்கு நாள் ஐசியூவில் கிடந்தாள். குழந்தை கண்ணாடிப் பெட்டியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. எந்த மாடியில் நிற்பது என்று தெரியாமல் நான் படிக்கட்டில்தான் அதிகம் இருந்தேன். இரண்டு வாரம் கழித்து, குழாயை எடுத்த பிறகு, வார்டு நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, “சட்டையைக் கழட்டுங்க” என்றார். எனக்குப் புரியவில்லை. “குழந்தைக்கு உடம்புச் சூடு வேணும். அம்மா இன்னும் எழுந்து உட்கார முடியல. அப்பா நெஞ்சுல போட்டாலும் சூடு சூடுதான்” என்றார். அப்படித்தான் பழகினேன். தினமும் இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நெஞ்சில் அவளைப் போட்டுக்கொண்டிருப்பேன். சில சமயம் இரண்டு பேருமே தூங்கிவிடுவோம்.

இருபத்தெட்டாம் நாள் அதே நர்ஸ், “புதன்கிழமை கண்ணு பாக்கறவங்க வருவாங்க. இவளுக்கும் பாக்கணும்” என்றார். கண்ணில் என்ன? கறுகறுவென்று திறந்து பார்க்கிறாளே என்று நினைத்தேன்.

புதன்கிழமை வந்தது ஒரு சின்னப் பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தோளில் ஒரு பெட்டி, அதற்குள் காமிரா. அதன் முனை பேனா மாதிரி நீண்டிருக்கும். அந்த முனையைக் குழந்தையின் கண்மேல் தொட்டு வைத்துப் படம் எடுப்பாள். படங்கள் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் வெளியூரில் இருக்கும் கண் டாக்டருக்குப் போகும். அவர் பார்த்து எழுதி அனுப்புவார். வார்டில் எல்லோரும் அவளைக் ‘காமிரா சிஸ்டர்’ என்றார்கள்.

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். உட்கார வைத்துச் சொன்னாள்.

“அண்ணா, கண்ணுக்குப் பின்னாடி திரை மாதிரி ஒண்ணு இருக்கு. அதுலதான் படம் விழுது. அந்தத் திரைக்கு ரத்தக் குழாய் முழுசா வளர ஒம்பது மாசம் வேணும். பாப்பா ஏழாவது மாசமே வந்துட்டா. மீதி வளர்ச்சி வெளிய வந்துதான் நடக்கணும். நெறைய குழந்தைக்கு அது ஒழுங்கா வளந்துடும். சில குழந்தைக்குத் தாறுமாறா வளந்து திரையையே இழுத்துடும். இழுத்துட்டா அப்புறம் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“வெளிய பாத்தா தெரியாதா சிஸ்டர்?”

“தெரியாது. வெளிய தெரியும்போது நாள் தாண்டிப் போயிருக்கும். அதான் இத்தனை தடவை பாக்கறோம்.”

அன்று வந்த ரிப்போர்ட்டில், வளர்ச்சி பாதியில் நிற்கிறது, அடுத்த புதன் மறுபடி பார்க்க வேண்டும் என்று இருந்தது. இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு புதனும் வருவேன் என்று காமிரா சிஸ்டரிடம் தலையாட்டிவிட்டு வந்தேன். வீடு வந்த மறுநாள் மனைவிக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. உள்ளூர் டாக்டர் சுத்தம் செய்து கட்டுப் போட்டு, “ரெண்டு வாரம் பஸ் பயணம் கூடவே கூடாது” என்றார். அவளைப் பார்த்துக்கொள்ள என் அம்மா இருந்தாள். குழந்தையை எடுத்துக்கொண்டு போக நான்தான் இருந்தேன்.

சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன். புதன்கிழமை லீவு, பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று மாற்றிக் கொடுத்தார். “ஷிப்மெண்ட் டைம், மறக்காத” என்று மட்டும் சொன்னார்.

*

விடியற்காலையில் மனைவி பால் எடுத்துச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, பாலாடையோடு பையில் வைப்பாள். நான் குழந்தையை நெஞ்சில் போட்டு, மனைவியின் பழைய காட்டன் புடவையால் சுற்றிக் கட்டி, மேலே தொளதொளவென்று ஒரு சட்டையை மாட்டிக்கொள்வேன். வேலூர் பஸ்ஸில் முதல் தடவை கண்டக்டர் என் வயிற்றைப் பார்த்து, “இன்னாபா உள்ள, கோழிக்குஞ்சா?” என்றார். பித்தானைக் கழற்றிக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர் டிரைவரைப் பார்த்து, “அண்ணே, மெதுவாப் போ, கைக்குழந்தை. மேடு பள்ளம் பாத்து” என்று கத்தினார். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்வரை இரண்டு தடவை திரும்பி வந்து, “மூச்சு விடுதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் முதலில் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். கண்ணின் கருமணி விரிய வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, மூன்று நான்கு தடவை. பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் பால் கொடுக்கக் கூடாது, வாந்தி எடுத்துவிடும். அந்த ஒரு மணி நேரம்தான் என்னைக் கொன்றது. பசியில் என் மகள் வீறிடுவாள். அத்தனை சின்ன உடம்பில் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்ததோ. சட்டைக்குள் இருந்து எடுத்தேன், தோளில் போட்டேன், துணியில் சுற்றப் பார்த்தேன். நான் சுற்றிய துணியில் இருந்து கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக வெளியே வந்தது.

பக்கத்தில் புர்கா போட்ட ஒரு பெண் தன் பையனை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும்.

“அண்ணா, இப்டிக் குடுங்க” என்றாள். பையனை என் கையில் கொடுத்துவிட்டு, என் மகளை வாங்கித் தன் துப்பட்டாவைப் பெஞ்சில் விரித்து, நடுவில் கிடத்தி, நாலு முனையையும் மடக்கி ஒரே இழுப்பில் சுற்றிவிட்டாள். அழுகை நின்றது.

“எங்க கத்துக்கினே?”

“பீடிக் கட்டு கட்டற கைண்ணா” என்று சிரித்தாள்.

அவளுக்குப் பேரணாம்பட்டு. வீட்டில் பீடி சுற்றுகிறாள். பையன் எட்டாவது மாதம் தொடங்கும்போதே பிறந்துவிட்டான். புருஷன் பெங்களூரில் பேக் கடையில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. மாமியார் முதல் தடவை அனுப்பவே மாட்டேன் என்றாராம். நாற்பது நாள் முடியாமல் பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டக் கூடாது. “வார்டு நர்ஸ் எங்க வீட்டுக்காரர் போன்ல மாமிகிட்ட அரை மணி நேரம் பேசினாங்க. அப்புறம்தான் விட்டாங்க. இப்போ நாப்பது முடிஞ்சிருச்சு, ஆனாலும் ‘எதுக்கு வாரா வாரம், பேஜார்’ங்கறாங்க.”

சொட்டு மருந்துக்கும் சொட்டு மருந்துக்கும் நடுவில் பேச நிறைய நேரம் இருந்தது. வீடு எங்கே என்று கேட்டேன். தண்ணி டேங்க் கீழே என்றாள். “டேங்க் மேல பெரிசா குடை படம் வரைஞ்சிருக்கும். பழைய வெளம்பரம். மழையே பெய்யாத ஊர்ல குடை” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்று இரண்டு குழந்தைகளுக்கும் ‘அடுத்த வாரம் மறுபடி’ என்றே வந்தது.

*

அதற்கடுத்த புதன் அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். சொட்டு மருந்து, காத்திருப்பு, படம் எல்லாம் முடிந்தன. கண்ணிமையைச் சின்னக் கம்பி வைத்துத் திறந்து காமிராவை வைக்கும்போது குழந்தை கத்தும் கத்தலுக்கு நான் இன்னும் பழகவில்லை. தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்ப்பேன்.

ரிப்போர்ட் வர மதியம் இரண்டு ஆகும். அந்தப் பெண் அடிக்கடி மணி பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்கு எழுந்துவிட்டாள். “மாமிகிட்ட ஒரு மணிக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டேன். இப்பவே லேட்டு” என்றாள். காமிரா சிஸ்டர், “சரி, நம்பர் கார்டுல இருக்குல்ல, போன் பண்றேன்” என்று அனுப்பினாள்.

இரண்டரைக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். காமிரா சிஸ்டர் எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அண்ணா, குழாய் தப்பா வளர ஆரம்பிச்சிருக்கு. லேசர் போடணும். நாளைக்குக் காலையில வச்சுக்கலாம். நாளன்னைக்கு மேல தள்ளக் கூடாது.”

“ரெண்டு கண்ணுமா?”

“ரெண்டும். ஆனா நாம சரியான நேரத்துல பாத்துட்டோம். இங்கயே கண் பிரிவுல போடுவாங்க. ஒண்ணும் செலவு கிடையாது. நீங்க கொண்டு வந்தா போதும்.”

கம்பெனியில் தோலை விரித்துப் போட்டு எங்கே கீறல், எங்கே பூச்சிக்கடி என்று பார்த்துத்தான் ‘டை’ என்கிற வெட்டும் அச்சை வைப்போம். பதினோரு வருஷமாக அதுதான் என் வேலை. என் பிள்ளையின் கண்ணை எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. குழந்தை சட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். காமிரா சிஸ்டர் பேசிக்கொண்டே இன்னொரு கையில் போனை அழுத்திக்கொண்டிருந்தாள். காதில் வைப்பாள், எடுப்பாள், மறுபடி அழுத்துவாள். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்ற குரல் எனக்கே கேட்டது.

“யாருக்கு சிஸ்டர்?”

“உங்க பக்கத்துல உக்காந்திருந்தாங்களே, பேரணாம்பட்டு. அந்தப் பையனுக்கும் இதே தான். இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. கார்டுல இருக்கறது அவங்க வீட்டுக்காரர் நம்பர். சிம் மாத்திட்டாரு போலருக்கு. வேற நம்பர் இல்ல. அட்ரஸ்ல தெரு பேர் மட்டும்தான் இருக்கு.”

அவள் அந்த ஊர் சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பகுதி நர்சம்மா பேசினார். தான் அங்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அந்தத் தெருவில் முந்நூறு வீடு இருக்கும், அந்தப் பெண் பிரசவத்துக்கு முன்பு அம்மா வீட்டு ஊரில் பதிவு செய்திருப்பாள், தன் ரெஜிஸ்டரில் இல்லை என்றார்.

“சிஸ்டர், எனக்குத் தெரியும். தண்ணி டேங்க் கீழ. டேங்க்ல குடை படம்” என்றேன்.

போனை என்னிடம் கொடுத்தாள். “குடையா? நான் பாத்ததில்லயே சார். இங்க மூணு டேங்க் இருக்கு” என்றார் நர்சம்மா. “தேடறேன். ஆனா நீங்க அந்தப் பொண்ண நேர்ல பாத்தவரு. வர முடியுமா?”

முதலில் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன்.

வீட்டுக்கு வர நாலரை ஆனது. மனைவியிடம் சொல்ல பஸ்ஸில் எத்தனையோ வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். வாசலில் நின்ற அவள் முகத்தைப் பார்த்ததும், “நாளைக்கு லேசர். ரெண்டு கண்ணுக்கும்” என்று மட்டும் வந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே பால் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீதியைச் சொன்னேன். அந்தப் பேரணாம்பட்டுப் பெண், துப்பட்டா, போன் நம்பர், டேங்க், எல்லாம்.

மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள். “வீடு தெரியும்னா இங்க இன்னா பண்றீங்க? போங்க. நாளைக்கு நானும் வர்றேன், பஸ்ஸாவது ஒண்ணாவது. துணியெல்லாம் நான் எடுத்து வைக்கிறேன்.”

*

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் நர்சம்மா ஸ்கூட்டியோடு நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். அதற்குள் இரண்டு டேங்க்கைச் சுற்றி விசாரித்துவிட்டிருந்தார். மூன்றாவது ஊர்க்கோடியில். ரோட்டுப் பக்கமிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை. ஏமாற்றமாக இருந்தது. டீக்கடையில் கேட்டேன். “குடையா? அது சந்துக்குள்ள போய்த் திரும்பிப் பாரு. ரோட்டுப் பக்கம் மட்டும்தான் வெள்ளை அடிச்சானுங்க” என்றார் கடைக்காரர்.

சந்துக்குள் போய்த் திரும்பிப் பார்த்தோம். டேங்க்கின் வயிற்றில் கறுப்புக் குடை, பாதி உதிர்ந்து, விரிந்தபடி இருந்தது. நர்சம்மா, “அட கடவுளே” என்று சிரித்துவிட்டார். அதன் கீழே நாலு வீடு. பையன் பிறந்த வீடு எது என்று கேட்டதும் மூன்றாவது வீட்டைக் காட்டினார்கள்.

வாசலில் திரைச்சீலை. உள்ளே ஒரு அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நர்சம்மா விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவின் விரல் நிற்கவில்லை.

“போன வாரம் பாத்தீங்க. இந்த வாரம் பாத்தீங்க. பாத்துப் பாத்தே கண்ணைக் கெடுத்துடுவீங்க போலருக்கே” என்றார். “விளக்கைப் போட்டா அந்தப் பக்கம் திரும்பறான். கண்ணுல இன்னா கொறச்சல்?”

“இப்போ ஒண்ணும் இல்லம்மா. விட்டா வந்துடும். லேசர் போட்டா நின்னுடும்” என்றார் நர்சம்மா.

“லேசர்னா? சூடு வைக்கறதா? ஒண்ணரை மாசப் புள்ளைக்கா?” இப்போது விரல் நின்றது. “இவன் அப்பன் ஞாயித்துக்கிழமை வருவான். அவனைக் கேட்டு அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் உருதுவில் பேசினால் நெருக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். என் உருது கம்பெனி உருது. சீக்கிரம், இங்கே வை, போதும் என்பதற்கான ‘ஜல்தி’, ‘இதர் ரக்கோ’, ‘பஸ்’ தாண்டாது. அதை வைத்துக்கொண்டு அவசரத்தைச் சொல்லப் பார்த்தேன். அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தம்பி, நீ தமிழ்லயே பேசுப்பா. உன் உருதுல என் பேரனைப் பொண்ணாக்கிட்டே.”

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

“அம்மா, என் பொண்ணுக்கும் அதே வியாதிதான். உங்க பேரன் பக்கத்துலதான் அவளும் படுத்திருந்தா. நாளைக்குக் காலையில அவளுக்கு லேசர். நான் கொண்டு போறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும்னா நான் உங்களைத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன்.”

“உன் பொண்டாட்டி ஒத்துக்கிட்டாளா?”

“அழுதா. அழுதுட்டுப் பையைக் கட்டிட்டா. அவதான் என்னை இங்க அனுப்பிச்சா.”

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார். பக்கத்து மசூதியில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, அது முடியும்வரை பேசாமல் இருந்தார். முடிந்ததும் உள்ளே பார்த்து மருமகளைக் கூப்பிட்டார். திரை விலகியது. அந்தப் பெண் பையனைத் தோளில் போட்டு, கையில் துணிப் பையோடு நின்றிருந்தாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்து வைத்துவிட்டாள் போல.

“இவ முன்னாடியே ரெடியாயிட்டா பாரு” என்று மாமியார் நர்சம்மாவிடம் சொன்னார். “காலையில வண்டி வருமா? நானும் வர்றேன். அவன் அப்பன் என் புள்ள. அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கும் மெடிக்கல் டீமின் வேனைக் காலை ஆறரைக்கு அந்தச் சந்து முனைக்கு அனுப்ப நர்சம்மா அங்கேயே நின்று போனில் ஏற்பாடு செய்தார். திரும்பி வரும் வழியில் எனக்குப் பசி தெரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

*

மறுநாள் முதலில் பையனைத்தான் உள்ளே கொண்டு போனார்கள். அடுத்தது என் மகள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மா அப்பா உள்ளே போகக் கூடாது. கதவுக்கு வெளியே நான், என் மனைவி, அந்தப் பெண், அவள் மாமியார். மனைவியும் அந்தப் பெண்ணும் அன்றுதான் முதல் தடவை பார்த்துக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் பால் ஊறுவது, தையல் வலிப்பது என்று குசுகுசுவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் நடந்துகொண்டே இருந்தேன். மாமியார் தூக்குச்சட்டியைத் திறந்து இட்லி எடுத்து என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

“சாப்டு. நீ பட்டினி கெடந்தா உள்ள டாக்டருக்குக் கை நேராப் போவுமா?”

உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் ஜபமணியை உருட்டிக்கொண்டே நான் எத்தனை இட்லி சாப்பிட்டேன் என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளை வெளியே கொண்டு வந்தபோது இமை இரண்டும் வீங்கியிருந்தன. கண் டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு, “நல்லா ஒத்துழைச்சா. கத்தினாலும் அசையல” என்றார். மனைவி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது பையனுக்கு இரண்டு கண்ணும் அடங்கிவிட்டிருந்தன. என் மகளுக்கு வலது கண் அடங்கியது, இடதில் ஒரு ஓரம் பாக்கி. மறுபடி கொஞ்சம் லேசர் போட்டார்கள். அந்தப் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை காமிரா சிஸ்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, “போதும்ணா. இனிமே மூணு மாசம் கழிச்சு வாங்க” என்றாள். எழுந்து நின்று என்ன செய்வது என்று தெரியாமல் அவளுக்குக் கும்பிடு போட்டேன். அவள் வெட்கப்பட்டு, “அய்யோ அண்ணா” என்று காமிரா முனையைத் துடைக்கத் திரும்பிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது அவள் ரெஜிஸ்டரில் ஸ்கேல் வைத்துப் புதிதாக இரண்டு கட்டம் போட்டிருந்தாள். ஒன்று இரண்டாவது போன் நம்பருக்கு, வீட்டில் இருக்கும் பெண் யாராவது ஒருவருடையது. இன்னொன்று வீட்டு அடையாளம். எட்டிப் பார்த்தேன். ‘மாவு மில் எதிரில் நீலக் கதவு’, ‘வேப்பமரம், டெய்லர் வீடு’, ‘பழைய சினிமா கொட்டகை பின்னால்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். டிஸ்சார்ஜ் செய்யும்போதே நர்ஸ்கள் கேட்டு எழுதுகிறார்கள், அந்தந்த ஊர் நர்சம்மாவுக்கும் அனுப்பிவிடுகிறார்கள் என்றாள்.

என் நம்பரையும் அவள் வைத்துக்கொண்டாள். சில சமயம் போன் வரும். “அண்ணா, ஒரு அப்பா வர மாட்டேங்கறாரு. நீங்க பேசுங்களேன்.” சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் நின்று பேசுவேன். டாக்டர் சொல்வதை நான் திரும்பச் சொல்வதில்லை. அவர்கள் கேட்பதும் அதில்லை. பஸ்ஸில் எப்படிக் கொண்டு போனாய், லீவு கொடுத்தார்களா, லேசர் போட்ட பிறகு குழந்தை எத்தனை நாள் அழுதது, இப்போது எப்படி இருக்கிறாள், இதுதான். சோளிங்கர் பக்கத்து விவசாயி ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக, “ஆம்பளைங்கள பெஞ்சில உக்கார விடுவாங்களா?” என்று கேட்டார். விடுவார்கள் என்றேன். வந்தார். போன வருஷம் போனபோது அந்தப் பெஞ்சில் மூன்று அப்பாக்கள் இருந்தார்கள். ஒருவர் துணி சுற்றத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

*

மகளுக்கு இப்போது ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. இரண்டு வயதிலேயே கண்ணாடி போட்டுவிட்டார்கள். லேசர் போட்ட குழந்தைகளுக்குத் தூரப் பார்வை குறைவாக இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் போட்ட கண்ணாடி. மூன்றை உடைத்துவிட்டாள். வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போகும்போது பேரணாம்பட்டுப் பையனும் வருவான். அவனுக்கும் கண்ணாடி. இரண்டும் சொட்டு மருந்து விட்ட கண்ணோடு, எதிரில் வருவது யாரென்று தெரியாமல், வராண்டாவில் முட்டிக்கொண்டு ஓடும். “ஏ, மெதுவா!” என்று என் மனைவி ஒரு பக்கமும் அவன் பாட்டி இன்னொரு பக்கமும் கத்துவார்கள்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் இருந்து டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். வகுப்புக்கு வெளியே என் மகள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். குற்றம் செய்த முகமாகத் தெரியவில்லை.

“சார், இவ பக்கத்துல உக்கார மூணு பசங்க பயப்படறாங்க” என்றார் டீச்சர்.

“இன்னா பண்ணினா டீச்சர்?”

“ஒருத்தன் இவளை ‘சோடாபுட்டி’ன்னு சொல்லியிருக்கான். அதுக்கு இவ, ‘என் கண்ணுக்குள்ள லேசர் இருக்கு. கண்ணாடியைக் கழட்டினா வெளிய வந்துடும்’னு சொல்லிட்டா. நேத்து ஒருத்தன் பென்சில் குடுக்கலன்னதும் கழட்டற மாதிரி கையைக் கொண்டு போயிருக்கா. அவன் அழுதுட்டான்.”

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் மகளை வெளியே கூட்டிப் போய்க் குனிந்து உட்கார்ந்தேன்.

“லேசர் உள்ள வச்சிருக்க மாட்டாங்கம்மா. போட்டாங்க, வேலை முடிஞ்சதும் எடுத்துட்டாங்க.”

கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாகத் தெரியும் கண்ணால் என்னையே பார்த்தாள். யோசித்தாள்.

“எல்லாமே எடுத்துட்டாங்களா?”

“எல்லாமே.”

“கொஞ்சம்கூட இல்லயா?”

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். போய்க் கேட்டாள். கேட்டுவிட்டு, அவன் பென்சிலை வாங்கிக்கொண்டுதான் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.